எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்

ஜூன் 4, ராத்திரி 11.20

ஒரு நாவலை நேத்து முடிச்சேன், இன்னும் கோவம் அடங்கல. பேரைச் சொல்லல, உங்கள்ல பாதிப் பேர் அதைப் படிச்சுக்கிட்டு நடுவுல இருக்கீங்க, கையில வச்சிருக்கறவங்களுக்கு எதுன்னு தன்னால புரியும். மொத்தம் 340 பக்கம். அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்குங்கற விஷயம் 312ல வருது. எனக்கு 80லயே தெரிஞ்சிருச்சு, போன் அடிச்சுக்கிட்டே இருக்கும், வீட்ல நாலு பேர் இருந்தும் யாரும் எடுக்க மாட்டாங்களே, அங்கயே. ஆனா என் சண்டை அது இல்ல. கதையைச் சொல்றது மூத்த பொண்ணு, முதல் வரியிலேர்ந்து நான் நான்னு அவதான் பேசறா. அவளுக்குப் பன்னெண்டு வயசுலயே விஷயம் தெரியுமாம், 312ல சாவகாசமா சொல்றா. அப்ப அந்த முந்நூறு பக்கமும் அவ மனசுக்குள்ளதானே நாம உக்காந்திருந்தோம், ஒரு தடவைகூடவா அவ அதை நினைக்கல? மழையைப் பத்தி ஒன்றரைப் பக்கம் நினைக்கறா. ஜன்னல் கம்பித் துருவைப் பத்தி நினைக்கறா. அப்பாவுக்கு இன்னொரு வீடு இருக்கறது மட்டும் ஞாபகத்துக்கே வரல. அம்மாகிட்ட மறைக்கறான்னா சரி, தங்கச்சிகிட்ட மறைக்கறான்னா சரி (தங்கச்சிக்கும் தெரியும்!), அவ மறைச்சது என்கிட்ட மட்டும். காசு குடுத்து வாங்கினவகிட்ட.

யாராவது இதுக்கு வக்காலத்து வாங்குங்க பாக்கலாம்.

ஜூன் 5, காலை 7.05

ஐயோ. பேரைச் சொல்லாம ட்விஸ்ட்டை மட்டும் பக்க நம்பரோட போட்டு உடைச்சிருக்கேன். பதினொரு மணிக்கு மேல எழுத உக்காரக் கூடாது. மன்னிச்சுக்கோங்க.

ஒரு சமாதானம் சொல்றேன். 2011ல சான் டியகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ரெண்டு சைக்காலஜிக்காரங்க 12 சிறுகதையை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. முடிவை முன்னாடியே சொல்லிட்டுக் கதையைக் குடுத்தா, சொல்லாம குடுத்தவங்களைவிட அவங்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாப் பிடிச்சுதாம், ட்விஸ்ட் கதைகளும் அதுல அடக்கம். பின்னாடி வேற சிலர் செஞ்சு பாத்தப்ப நேர்மாறாவும் வந்திருக்கு, அதை நான் இன்னிக்குக் கண்டுக்கப் போறதில்ல.

ஜூன் 5, மதியம்

"அவ நம்பத்தகாத கதைசொல்லி, சொல்றதை அப்படியே நம்பக் கூடாத ஆள்"னு மூணு பேர் வந்துட்டீங்க. அமெரிக்க விமர்சகர் வேய்ன் பூத் 1961ல அந்த வார்த்தையைப் போட்டுக் குடுத்தாலும் குடுத்தார், எழுத்தாளர் எங்க வழுக்கினாலும் அந்தக் குடையை விரிச்சுடறோம். பொய் சொல்ற கதைசொல்லிக்கு அந்தப் பொய்யால ஏதாவது ஆகணும், தன் மானத்தைக் காப்பாத்திக்கணும், இல்ல தன்னையே ஏமாத்திக்கணும். இவளுக்கு என்ன ஆகணும்? 312 வரைக்கும் நாம புத்தகத்தைக் கீழ வைக்காம இருக்கணும். அது அவளோட தேவை இல்லையே, அட்டையில பேர் போட்டிருக்கற ஆளோட தேவை.

ஜூன் 6, ராத்திரி

அண்ணா ஒருத்தர் கேட்டார், "சரி, நீயே சொல்லு, ரகசியத்தை எப்பதான் சொல்லணும்?"

எப்ப வேணா சொல்லட்டும், முதல் பக்கத்துலகூடச் சொல்லட்டும். ஓயிடிபஸ் நாடகம் பாக்க வந்த அத்தனை பேருக்கும் கதை தெரியும், கி.மு. அஞ்சாம் நூற்றாண்டு ஏதென்ஸ்ல அப்பனைக் கொன்னு அம்மாவைக் கட்டினவன் யாருன்னு தெரியாம ஒருத்தனும் வந்து உக்காந்திருக்க மாட்டான். அப்புறம் எதைப் பாக்க வந்தான்? எனக்கு அதுல யொகாஸ்டா பண்றதுதான், ஓயிடிபஸோட பொண்டாட்டி, அம்மாவும் அவதான். தூதுவன் வந்து பேசப் பேச அவளுக்குப் புருஷனுக்கு முன்னாடியே விஷயம் புரிஞ்சுடுது. "கேக்காதே, விட்டுடு, போதும்"னு கெஞ்சறா. அவன் என்னடான்னா, நான் கீழ்க்குலத்துல பொறந்திருப்பேனோன்னு இவளுக்குக் கௌரவம் உறுத்துதுன்னு நினைச்சுக்கறான்! அவ உள்ள ஓடிடறா. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இதுக்கு முன்னாடி எந்த 312ஆம் பக்கமும் நிக்காது.

அரிஸ்டாட்டில் கவிதையியல்ல இதைத்தான் தலைமேல தூக்கி வச்சார், உண்மை தெரியறது சம்பவங்களுக்குள்ளேர்ந்தே தன்னால வரணும்னு. தழும்பைப் பாத்து, கழுத்து மாலையைப் பாத்துக் கண்டுபிடிக்கறதெல்லாம் இருக்கறதுலயே மட்டம்னுட்டார். பழைய பெட்டி, அதுக்குள்ள கடுதாசி, கடுதாசிக்குள்ள போட்டோ. ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே மார்க் குறைச்சாச்சு, இன்னமும் வந்துக்கிட்டே இருக்கு.

ஜூன் 6, அதுக்கப்புறம்

இல்ல, நம்ம நாவல்ல பெட்டி கிடையாது. அதுக்கு மட்டும் ஒரு மார்க் குடுத்துடறேன்.

ஜூன் 8, காலை

குந்தியை இழுத்து விட்டீங்க, அதுவும் நல்லதுதான். குடும்ப ரகசியம்னா நமக்கு அதைவிடப் பெருசா எது இருக்கு. கர்ணன் விழுந்ததும் அவ களத்துக்கு ஓடி வந்து மடியில போட்டு அழற அந்த நிமிஷம் வரைக்கும் பாண்டவங்களுக்குத் தெரியாது. கணக்கு போட்டுப் பாருங்க, கிருஷ்ணருக்குத் தெரியும், பீஷ்மருக்குத் தெரியும், வியாசருக்குத் தெரியும், கர்ணனுக்கே தெரியும், அதுலயும் அவன் கிருஷ்ணர்கிட்ட தர்மனுக்குச் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கறான். தெரிய வேண்டிய அந்த அஞ்சு பேருக்குத்தான் தெரியாது. யார்கிட்ட மறைச்சா ரத்தம் ஓடுமோ அவங்ககிட்ட மட்டும் கரெக்டா மறைச்சிருக்காங்க.

ஜூன் 8, மாலை

திருத்தம், நன்றி அக்கா. மடியில போட்டு அழறது நாம கூத்துலயும் சினிமாவுலயும் பாத்து வளர்ந்தது. வியாசர்ல போரெல்லாம் முடிஞ்சு, செத்தவங்களுக்கு நீர்க்கடன் குடுக்கற நேரத்துல, "கர்ணனுக்கும் விடுங்கடா, அவன் உங்க மூத்தவன்"னு குந்தி சொல்றா. யோசிச்சா இதுதான் இன்னும் பயங்கரமா இருக்கு. களத்துல கத்தி அழுதா அது துக்கம், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இங்க கை நிறைய தண்ணியோட நிக்கறானுங்க, லிஸ்ட்ல ஒரு பேர் விட்டுப்போச்சுன்னு அம்மா சொல்ற மாதிரி இருக்கு.

அப்புறம் தர்மர் சாபம் குடுக்கறார் பாருங்க, இனிமே பொம்பளைங்க மனசுல ரகசியம் தங்காதுன்னு. அந்தக் கதையிலயே ரகசியத்தைப் பொத்திப் பொத்தி அதிக காலம் வச்சிருந்தது ஒரு பொம்பளை. வாங்கிக் கட்டிக்கிட்டதும் அவங்க வர்க்கம்.

ஜூன் 9, ராத்திரி 12.10

பதினொரு மணிக்கு மேல எழுத மாட்டேன்னேன். எழுதறேன்.

இந்த நாவல் மேல எனக்கு ஏன் இவ்ளோ காண்டுன்னு ஒரு தம்பி கேட்டான், "அக்கா, இது புத்தகத்து மேல இருக்கற கோவம் மாதிரி தெரியலையே"ன்னு. கெட்டிக்காரன்.

எனக்குப் பத்தொன்பது வயசு. ஏதோ ஒரு அப்ளிகேஷனுக்கு வீட்டு ஃபைல்ல சர்டிஃபிகேட் தேடிக்கிட்டு இருந்தேன். அப்பாவோட இன்ஷூரன்ஸ் பேப்பர் ஒண்ணு நழுவி வெளிய வந்துச்சு. மஞ்சளடிச்ச தாள், குண்டூசி குத்தின இடத்துல துரு வட்டமா இறங்கியிருந்துச்சு. நாமினின்னு போட்ட கட்டத்துல ஒரு பொண்ணு பேர். அம்மா பேர் இல்ல, என் பேர் இல்ல, அண்ணன் பேர் இல்ல. எங்க சொந்தத்துலயே நான் கேள்விப்படாத பேர். பக்கத்துல வயசு, நாலு. அப்பா கையெழுத்துல, அவர் போடற அந்தச் சாஞ்ச நாலு.

உள்ள வச்சிட்டேன். யார்கிட்டயும் கேக்கல. ஆனா அன்னிக்கு ராத்திரியே மொத்த நாவலையும் எழுதிட்டேன் மனசுக்குள்ள. அவர் லேட்டா வந்த நாளெல்லாம் எடுத்துக் கோத்தேன், டூர் போனதெல்லாம் கோத்தேன், அவர் தனியா மொட்டை மாடியில நின்ன சாயங்காலங்களைக்கூட விடல. எல்லாம் பொருந்துச்சு! அதுதான் கொடுமை, ஒரு ஆள் மேல சந்தேகம்னு வந்துட்டா அவர் செருப்பைக் கழட்டி வைக்கறதுகூட சாட்சியாயிடுது. அப்புறம் பதினஞ்சு வருஷம் அவர்கிட்ட ஒழுங்காப் பேசல. சண்டை கிண்டை கிடையாது. ஒரு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை பதில். அவரும் ஏன்னு கேக்கல. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு.

ஆமா, என் கதையும் ஃபைல்லேர்ந்து விழுந்த பேப்பர்தான். அரிஸ்டாட்டில் பாஸ் போட மாட்டார்.

ஜூன் 9, காலை

ராத்திரி எழுதினதை அழிக்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீங்க படிச்சாச்சு. இருக்கட்டும்.

"அம்மாகிட்ட ஏன் கேக்கல?" அம்மாவுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்கன்னு நான் காப்பாத்தறேனாம். நாவல்ல வர்ற அந்தப் பொண்ணு 312க்கு அப்புறம் இதே வசனம் பேசறா, நான் அங்க பென்சிலால "ஓவர்"னு எழுதி வச்சிருக்கேன்.

ஜூன் 11

ரெண்டு நாளா யோசிச்சது, கொஞ்சம் நீளமாப் போகும்.

துரோகம் துரோகம்னு பேசறோம், வாசகர் எல்லாருக்கும் வலிக்கறது எந்த இடம்னு பாத்தீங்களா? அப்பா போனதோ அம்மா போனதோ இல்ல. "அப்ப உனக்கும் தெரியுமா?"ன்னு ஒரு கேள்வி வரும் எல்லா நாவல்லயும், அந்த இடம். தப்பு பண்ணவனைக்கூட ஒரு வழியா மன்னிச்சுடுவாங்க, தெரிஞ்சு வச்சுக்கிட்டு தினம் எதிர்ல உக்காந்து சிரிச்சவங்களை மன்னிக்க மாட்டாங்க.

1966ல வந்த அம்மா வந்தாள் படிச்சிருப்பீங்க. அதுல தி. ஜானகிராமன் ரகசியத்தை ரகசியமா வச்சுக்கவே மெனக்கெடல. அப்புவோட அம்மா அலங்காரத்துக்கும் சிவசுவுக்கும் இருக்கற உறவு புருஷன் தண்டபாணிக்குத் தெரியும். எங்கயோ ஆத்தங்கரையில இருக்கற இந்துங்கற பொண்ணுக்கே தெரியும், அவதான் அப்புகிட்ட போட்டு உடைக்கறா. வேத பாடசாலையில வருஷக்கணக்கா கிடந்த பிள்ளைக்குத்தான் தெரியாது. தெரிஞ்சதுக்கு அப்புறம் அவன் வீட்டுக்குப் போறான், அங்கதான் நாவலே. சிவசு வர்றதையும் போறதையும் அவன் கண்ணால நாம பாக்கறோம், அப்பாவோட முகத்தைப் பாக்கறோம். இதையே தண்டபாணிக்குத் தெரியும்கறதைக் கடைசிப் பக்கத்துக்கு ஒளிச்சு வச்சிருந்தா ஒரு "ஆ" கிடைச்சிருக்கும், அந்த மனுஷன் கிடைச்சிருக்க மாட்டார்.

நார்வேக்காரர் இப்சன் 1881ல எழுதின பேய்கள் நாடகமும் இதே ரகம். புருஷன் பேர்ல அநாதை இல்லம் திறக்கப் போறாங்க திருமதி ஆல்விங், அவன் எப்பேர்ப்பட்ட ஆளுங்கறதை முதல் அங்கத்துலயே பாதிரியார்கிட்டக் கொட்டிடறாங்க. வீட்டு வேலை பாக்கற ரெகினா அவனுக்குப் பொறந்த பொண்ணுங்கறதும் அங்கயே வந்துடுது. அடுத்த நிமிஷம் பக்கத்து ரூம்லேர்ந்து சத்தம், பையன் அந்தப் பொண்ணுகிட்ட வாலாட்டறான், அப்பன் செஞ்ச அதே இடத்துல. தெரிஞ்சதனாலதான் நமக்கு வயித்தைக் கலக்குது.

ஜூன் 11, இன்னொண்ணு

"இப்ப இந்த மாதிரி நாவலே எழுத முடியாது, எச்சிலைத் துப்பி டப்பாவுல அனுப்பினா யார் யாரோட பிள்ளைன்னு ரிப்போர்ட் வந்துடும்"னு ஒருத்தர். டி.என்.ஏ. டெஸ்ட் பண்ற அமெரிக்கக் கம்பெனி 23அண்ட்மீ 2007லயே அந்த டப்பாவை விக்க ஆரம்பிச்சாச்சு, நாவல் நின்ன மாதிரி தெரியல. அந்த ரிப்போர்ட் யாரோட பிள்ளைங்கறதைத்தான் சொல்லும். யாருக்கெல்லாம் முன்னாடியே தெரியும்ங்கறது அதுல வராதே.

ஜூன் 14

பேச்சை மாத்தறேன், திட்டாதீங்க.

நாவலை முதல்லேர்ந்து திரும்பப் படிச்சேன். 41ஆம் பக்கம். அப்பா ஊருக்குக் கிளம்பறார், பொண்ணு பெட்டி அடுக்கித் தர்றா. நாலு சட்டை. நீலக் கோடு போட்டது, ரெண்டு வெள்ளை, காலர் தேஞ்ச காக்கி. 44ல அவர் திரும்பி வந்ததும் அழுக்கை எடுத்துப் போடறா, நீலக் கோடு, ஒரு வெள்ளை, காக்கி. மூணுதான். இன்னொரு வெள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. 97லயும் இதே மாதிரி, அங்க ஒரு துண்டு. 163ல அவர் கண்ணாடிக்கூடு. ஒவ்வொரு தடவையும் அவ உக்காந்து எண்ணறா, கணக்கு சொல்றா, குறையுதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறா.

அப்ப அவ நினைக்கலைன்னு நான் சொன்னது தப்பு. நினைச்சுக்கிட்டேதான் இருந்திருக்கா, நமக்கு லிஸ்ட்டா வாசிச்சும் காட்டியிருக்கா. நான் அந்தப் பக்கங்களை "இழுவை"ன்னு தள்ளிட்டுப் போயிருக்கேன், மார்ஜின்ல அப்படித்தான் எழுதியும் வச்சிருக்கேன், மறுக்கவும் முடியாது.

ஆனா 312ல அந்தப் பத்தி தேவையில்ல. அதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். சட்டையோட நிறுத்தியிருக்கணும்.

ஜூன் 15

"போன் அடிக்கறது 80ல, சட்டை 41ல, கோட்டை விட்டது யாரு?" நான்தான். சந்தோஷமா?

ஜூன் 21, ராத்திரி

அம்மாகிட்ட கேட்டேன்.

கேக்கணும்னு போகல. சட்டை விஷயம் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அந்த ஃபைலைப் பாக்கணும்னு மட்டும்தான் போனேன். அதே ஃபைல், அதே தாள், துரு வட்டம் இன்னும் கொஞ்சம் பெருசாயிருக்கு. நாமினி, அந்தப் பேர், வயசு நாலு. பின்பக்கம் திருப்பினேன். பத்தொன்பது வயசுல நான் திருப்பவே இல்ல. நாமினி மைனரா இருந்தா அவங்க சார்புல பணத்தை வாங்கிக்கறவர் யாருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல அம்மா பேர். அவங்க கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழ ஒரு கோடு இழுப்பாங்க, அந்தக் கோடோட.

தாளைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அம்மா பாத்துட்டு, "அது முடிஞ்சு பணமும் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சே, தூக்கிப் போட வேண்டியதுதானே"ன்னாங்க.

இது யாரும்மான்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க. அப்பாவோட பொண்ணு இல்ல. அப்பா பக்கத்து விஷயமே இல்ல, அம்மா பக்கத்து விஷயம், அம்மாதான் அப்பாகிட்ட கேட்டிருக்காங்க இப்படிப் போடுங்கன்னு. அவர் ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்காமப் போட்டுக் குடுத்திருக்கார்.

"நீ இதைப் பாத்திருக்கேன்னு அவருக்குத் தெரியும். ஃபைலை மாத்தி அடுக்கியிருந்தியாம்"னாங்க.

பதினஞ்சு வருஷம். தெரிஞ்சுக்கிட்டே. சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், ஆனா சொன்னா அம்மா பக்கத்துல ஒருத்தரைக் காட்டிக் குடுக்கணும். அவர் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு ஒரு வார்த்தை பதில் வாங்கிக்கிட்டு இருந்துட்டார்.

இன்னிக்கு இவ்ளோதான்.

ஜூன் 22

யாரோட பொண்ணுன்னு எழுத மாட்டேன். கேக்காதீங்க.

ஆமா ஆமா, 312 பக்கம் மறைச்சவளை வரிஞ்சு கட்டிக்கிட்டுத் திட்டினவ இப்ப என்ன பண்றான்னு வரிசையா வந்து கேக்கறீங்க, நானும் பாத்துட்டேன், சிரிப்பும் வருது. எழுதினா அது என் கதை இல்லையே, உயிரோட இருக்கற இன்னொருத்தரோடது. அந்தப் பொண்ணும் இருக்காங்க, இப்ப என்னைவிடக் கொஞ்சம்தான் சின்னவங்க. ஜூன் 5ஆம் தேதி மதியம் நான் எழுதினதுல "இவளுக்கு என்ன ஆகணும்"ங்கற வரியை மட்டும் அடிச்சுக்கறேன். அட்டையில பேர் போட்டிருக்கற ஆளைப் பத்தின சந்தேகம் அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 22, சாயங்காலம்

அண்ணனுக்கு போன் பண்ணேன். அவனுக்கும் தெரியுமாம். "உனக்கும் தெரியும்னுல்ல நினைச்சேன், அதான் நீ அப்படி இருக்கேன்னு விட்டுட்டேன்"கறான்.

போனை வச்சிட்டேன்.

ஜூன் 29

நாவலை அம்மா வீட்ல வச்சிட்டு வந்திருந்தேன், வேணும்னு இல்ல, மறந்துதான். இன்னிக்கு எடுக்கப் போனா அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்காங்க, என் பென்சில் கிறுக்கலோட சேர்த்து. எட்டிப் பாத்தேன், 45ஆம் பக்கம்.

"அந்த ஆளுக்கு வேற வீடு இருக்கு போலிருக்கே"ன்னாங்க.

எப்படிம்மான்னேன்.

"சட்டை ஒண்ணு குறையுதே"ன்னுட்டுப் பக்கத்தைத் திருப்பிட்டாங்க.